யாகப்புவின் கால்கள்

புத்தூர்,
16.02.2025

ஜெயனிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டுப் பிறகு வெட்டினேன். வெட்டினது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

வாட்ஸப்பில் என்னை புளொக் பண்ணி வைத்திருக்கிறாய். போன் எடுத்தால் விழுகுதில்லை. படிப்பு லீவு என்பதால் கம்பஸ் பக்கமும் நீ வரமாட்டாய். இந்தக் காலத்தில் கடிதம் எழுத வைத்த முதல் ஆள் நீதான். சுவர்ணாதான் அரியாலையிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்து தருவாள். “நான் என்ன உங்கடை தபால்காரியே?” என்று கத்தினாள். மூன்று பேர் இருக்கிற குழுவில் இரண்டு பேர் கதைக்காவிட்டால் மூன்றாவது ஆள் இப்படித்தான் சைக்கிள் உழக்கவேண்டும்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். ஏனடி அழித்தாய்?

நேற்று கொழும்புத்துறையில் பஸ்ஸால் இறங்கினேன். எங்கள் பஸ் தரிப்பிடச் சுவரில் ஐந்து முகங்கள் இருக்கவேண்டும். நாலுதான் இருந்தன. நடுவில், உன் அப்பா இருந்த இடத்தில், வெள்ளைச் சுண்ணாம்பு. அதையாவது ஒழுங்காக அடித்தாயா? ஒரு காது மட்டும் மிஞ்சியிருக்கிறது. காது!

அந்த நெற்றிச் சுருக்கம் சரிவரவில்லை என்று நான் எத்தனை தரம் அழித்து அழித்துக் கீறினேன் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நீ. சுவரோவியத்துக்கு ‘எங்கள் ஊரின் முகங்கள்’ என்று பெயர் வைத்தபோது கை தட்டினதும் நீ. பெரிய ஆட்களை விட்டுவிட்டு மீன் விற்கிற சின்னத்தங்கம் அக்காவையும், சைக்கிள் கடைக் கேதீஸ்வரன் அண்ணையையும், உன் அப்பாவையும் கீறுவோம் என்று மூன்று பேரும் சேர்ந்துதானே முடிவெடுத்தோம்? மார்ச் பத்தாம் திகதி பரீட்சகர்கள் வருகிறார்கள். சமூகத்துக்குப் பயன்படும் குழுச் செயற்றிட்டம் என்று தலைப்புப் போட்டுவிட்டு, அந்தச் சமூகத்தின் பிள்ளையே சுண்ணாம்பு வாளியோடு வந்து அழித்துவிட்டாள் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

சனம் அதைச் செத்தவீட்டு நோட்டீஸ் என்று நினைக்கிறது என்று போனில் கத்தினாய். இரண்டு நாள் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும் என்று நான் சொன்னேன். அதற்கு இப்படியா செய்வது?

நிவேதனா

கொழும்புத்துறை,
18.02.2025

நிவேதனா,

சுண்ணாம்பு முடிந்துபோனது. அதுதான் காது மிஞ்சினது.

இரண்டு நாள் சிரிப்பார்களாம். நடந்ததைக் கேள்.

அந்தச் சுவரில் நாங்கள் கீற முதல் என்ன இருந்தது? கண்ணீர் அஞ்சலி. ஒன்றுக்கு மேல் ஒன்றாக, தடிப்பாக. நீயும் நானும் சுவர்ணாவும் தகரத்தால் சுரண்டி எடுத்தோம். எங்கள் ஊரில் ஆர் செத்தாலும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் சனம் அறியும். அதே சுவரில், அதே உயரத்தில், நெஞ்சுவரைக்கும் ஐந்து பேருடைய முகம். கீழே பெயர். பெயருக்குக் கீழே பிறந்த ஆண்டு. ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அது கோடில்லை, அடியில் கீறின கடல் அலையின் வால் என்று நீ விளக்கம் சொல்வாய். பஸ்ஸில் போகிற சனத்துக்கு இறங்கி வந்து விளக்கம் கேட்க நேரமில்லை. பிறந்த ஆண்டும் கோடும் கிடந்தால் மிச்சத்தை அவர்களே நிரப்பிவிடுவார்கள். முழு ஆளாகக் கீறுவோம் என்று நான் முதல் நாளே சொன்னேன். “முகம்தான் கதைக்கும்” என்று நீ வெட்டிவிட்டாய்.

ஆரோ பஸ்ஸிலிருந்து படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டிருக்கிறான். கிளிநொச்சியில் இருக்கிற மாமி, அப்பாவின் அக்கா, அதைப் பார்த்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினா. படலையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி. அப்பா பல்லு விளக்கிக்கொண்டு நின்றவர், அப்படியே ஓடிப்போய், “ஐயோ அக்கா, ஆர் மோசம் போனது?” என்று தானும் சேர்ந்து அழத் தொடங்கிவிட்டார். மாமி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கன்னத்தைப் பொத்தி ஒரு அறை. உயிரோடு இருந்ததற்கு அறை!

அதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அப்பா யாரோடு கடலுக்குப் போகிறவர் என்று உனக்குத் தெரியும். வள்ளம் சிமியோன் மாமாவுடையது, வலை எங்களுடையது. விடியப்புறம் கரைக்குப் போகிற வழியில் அந்தத் தரிப்பிடம். ஒவ்வொரு நாளும் கடலுக்கு இறங்க முதல் அவர் காண்கிறது அப்பாவுடைய செத்த மூஞ்சை. மூன்றாம் நாள் வந்து சொன்னார்: “யாகப்பு, குறை நினையாதை. உன்ரை முகம் உந்தச் சுவரிலை நிக்கிற வரைக்கும் நீ என்ரை வள்ளத்திலை கால் வைக்கேலாது. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது.” இப்போது வள்ளமும் கரையில், வலையும் கரையில். நண்டு படுகிற காலம் இது.

அதைச் சொல்லத்தான் உனக்குப் போன் எடுத்தேன். நீ என்ன சொன்னாய்? “உங்கடை சனத்துக்கு உதெல்லாம் விளங்காது.”

உங்கடை சனம். எங்கள் அடுப்படியில் இருந்து நண்டுக்கால் உடைத்துத் தின்றபோது அது ஆருடைய சனம்?

அதற்காகத்தான் புளொக் பண்ணினேன். கடிதத்துக்கு புளொக் இல்லை என்பதால் வாசித்தேன்.

ஜெயனி

புத்தூர்,
20.02.2025

ஜெயனி,

‘உங்கடை சனம்’ என்றால் கொழும்புத்துறைச் சனம், அந்தப் பஸ்ஸில் போகிற சனம், அவ்வளவுதான். நீ நினைக்கிற அர்த்தத்தில் நான் சொல்லவில்லை.

மேலே எழுதினதைத் திரும்ப வாசித்தேன். சுத்த நொண்டிச் சாட்டு. கிடக்கட்டும், வெட்டமாட்டேன்.

ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது, ஜெயனி. சிமியோன் மாமா கதையை முழுதாகச் சொல்லாமல், “அழி, இப்பவே அழி” என்று மட்டும் போனில் கத்தினால் நான் என்னத்தைக் கண்டேன்? ஒரு நாள் பொறுத்திருந்தால் வந்து கதைத்திருப்பேன். நீ பொறுக்கமாட்டாய். உனக்கு எல்லாம் உடனே வேணும்.

சரி, அழித்தாயிற்று. உன் அப்பா கடலுக்குப் போகத் தொடங்கியிருப்பார்தானே? அதுதான் முக்கியம். அந்த இடத்தில் நான் ஒரு வள்ளத்தைக் கீறிவிடுகிறேன். ஆள் இல்லாத வள்ளம். யாருக்கும் பிரச்சினை இல்லை. ஓம் என்றால் சுவர்ணாவிடம் ஒரு சொல் சொல்லிவிடு, போதும்.

நிவேதனா

கொழும்புத்துறை,
23.02.2025

நிவேதனா,

ஆள் இல்லாத வள்ளமா? உனக்கென்ன விசரா? அதையும் கீறினால் மாமி இந்த முறை சவப்பெட்டியோடு வந்து இறங்குவா.

அப்பா கடலுக்குப் போகவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். முகம் இருந்தபோது செத்துப்போனார் என்றார்கள். அழித்த பிறகு, “யாகப்பு என்ன செய்தவன்? ஏன் அவன்ரை மூஞ்சையை மட்டும் அழிச்சவை?” என்று கேட்கிறார்கள். மற்ற நாலு பேரும் இருக்க, நடுவில் இவர் மட்டும் இல்லை. தேத்தண்ணிக் கடையில் ஒருவன், கள்ள வலை போட்டுப் பிடிபட்டவராம் என்று கதையே கட்டிவிட்டான். அப்பா இப்போது கடைக்கும் போவதில்லை.

சிமியோன் மாமாவிடம் நானே போனேன். “மாமா, அழிச்சாச்சு, இனி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “எடி பிள்ளை, நோட்டீஸை எப்ப கழட்டுறவை? செத்தவனுக்கு முப்பத்தோராம் நாள் முடிஞ்சாப்பிறகுதானே? நீ அதையும் முடிச்சுப்போட்டாய்.” பார், நான் அப்பாவுக்கு முப்பத்தொன்றும் செய்துவிட்டேன்.

அப்பா என்னோடு கதைப்பதில்லை. அம்மாவிடம், நான் கேட்கிற மாதிரி, அடுப்படியில் நின்று சொல்கிறார்: “கீறினவள் நெஞ்சோடை விட்டிட்டாள். நான் பெத்தது அந்த நெஞ்சையும் அழிச்சுப்போட்டுது. எனக்குக் கால் இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. செத்தவைக்கும் பேய்க்கும்தானடி கால் இல்லை.”

ஒரு மனுசன் தனக்குக் கால் இருக்கிறது என்று சொல்லித் திரிய வேண்டியதாகப் போய்விட்டது. நல்ல சமூகப் பயன்!

ஜெயனி

புத்தூர்,
25.02.2025

ஜெயனி,

கால் வேணுமாம். எங்கே கீறுவது? நெஞ்சு முடிகிற இடத்தில் சீமெந்து வாங்கு தொடங்குகிறது. சனம் பஸ்ஸுக்குக் குந்தியிருக்கிற வாங்கை உடைத்துவிட்டு உன் அப்பாவுக்குக் கால் கீறவா? எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. ஒன்றைத் திருத்த இன்னொன்று இடிகிறது.

ஆனால் உனக்கு ஒன்று சொல்லவேணும். எழுதுவதா விடுவதா என்று பார்த்தேன், நீ சிரிப்பாய். சிரி.

நேற்று, நாலு முகமும் ஐந்தாவதும் இருந்த பழைய படத்தைப் போனில் அம்மாவுக்குக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் காட்டினேன். அவ வெங்காயத்தைப் பிடி பிடியாக முடிந்துகொண்டு இருந்தவ, எல்லாவற்றையும் போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தா. “ஐயோ, முருகா! ஐஞ்சு பேருமோ? எங்கை, ஏ-ஒன்பது றோட்டிலையோ அக்சிடென்ட்?”

நான் எழும்பி வெளியே போய்விட்டேன். எங்கடை சனத்துக்கும் விளங்கவில்லை, ஜெயனி. விளங்காதது எனக்குத்தான். நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு என்னை மன்னித்துக்கொள். அதைச் சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கால் விசயம் மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் உன்மேல் இல்லை.

நிவேதனா

கொழும்புத்துறை,
27.02.2025

நிவேதனா,

ஐந்து பேரும் அக்சிடென்டா? அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவ சிரித்துச் சிரித்து இருமிப்போனா. அப்பா மற்ற அறையில் இருந்து இரண்டு தரம் செருமினார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

மன்னிப்பை எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை.

கால் விசயம். இன்று பின்னேரம் தரிப்பிடத்துக்கு முன்னால் றோட்டில் நின்று பார்த்தேன். வாங்கில் இரண்டு பொம்பிளையள் இருந்தார்கள். மேலே அவர்கள் நெஞ்சும் தலையும். நடுவில் வாங்கு. வாங்குக்குக் கீழே அவர்கள் கால். உனக்குத் தெரிகிறதா? வாங்குக்குக் கீழேயும் சுவர் இருக்கிறது, நிவேதனா! முழங்கால் அளவுக்கு, ஒருத்தரும் கண்டுகொள்ளாத சுவர். மேலே நீ முகத்தைக் கீறு. கீழே கால் தொங்கட்டும். ஐந்து பேரும் வாங்கில் இருந்து பஸ்ஸுக்குப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். செத்தவன் பஸ்ஸுக்குக் காத்திருக்கமாட்டான்.

பெயரும் ஆண்டும் வேண்டாம். அலையின் வாலும் வேண்டாம். கைகளை மடியில் வை. சின்னத்தங்கம் அக்காவுக்கு மீன் கூடை கொடு. கேதீஸ்வரன் அண்ணை பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்க்கட்டும்.

அப்பாவின் முகத்தை நீ காலையில் வந்து திரும்பக் கீறு. நான் பின்னேரம் வந்து கால்களைக் கீறுவேன். காலையில் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். உன்னைக் காண எனக்கு இன்னும் விருப்பமில்லை.

ஜெயனி

புத்தூர்,
04.03.2025

ஜெயனி,

நீ முடிவெடுத்தால் அது சட்டம். சரி, வந்தேன், கீறினேன். உன் அப்பா சுவருக்குத் திரும்ப வந்துவிட்டார். கை மடியில். வலை ஊசி ஒன்றும் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் நீ கீறின காலைப் பார்த்தாயா? நான் கீறின முகம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிப் பக்கம் பார்க்கிறது. நீ கீறின கால் கடற்பக்கம் திரும்பி நிற்கிறது. மனுசன் இடுப்பில் முறிந்துபோய் இருக்கிறார். சுவர்ணா பார்த்துவிட்டு, “இப்பதான் உண்மையான அக்சிடென்ட்” என்கிறாள்.

மற்ற நாலு பேருடைய கால்களையும் நானும் சுவர்ணாவும்தான் கீறினோம். வாங்குக்குக் கீழே மல்லாக்காகப் படுத்து, வெற்றிலைத் துப்பலுக்கும் ரொபி இனிப்பு உறைக்கும் நடுவில். என் தலைமயிரில் இன்னும் பெயின்ற். சின்னத்தங்கம் அக்கா வந்து, “எனக்குச் செருப்பு புதுசாப் போடு பிள்ளை, பழசு வேண்டாம்” என்று நின்று பார்த்து வாங்கினா. அவ ஒருத்திதான் சந்தோசம்.

உன் காலைத் திருப்பு. பத்தாம் திகதிக்கு நாளில்லை.

நிவேதனா

கொழும்புத்துறை,
05.03.2025

நிவேதனா,

இன்று விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக எழுதுகிறேன்.

என் காலைத் திருப்பமாட்டேன். அது அப்பாவுடைய கால். வலது பெருவிரலில் நகம் இல்லை, பார்த்தாயா? நங்கூரம் விழுந்து போனது. அவர் எங்கே இருந்தாலும் கால் கடற்பக்கம்தான் நிற்கும். கோயிலில் இருந்தாலும் அப்படித்தான். நீ உன் முகத்தைத் திருப்பு.

அதோடு, நான் கீறின காலுக்கு நீ செருப்பு வேறு போட்டிருக்கிறாய்! அவர் எந்தக் காலத்தில் செருப்புப் போட்டவர்? நான் அழித்துவிட்டேன். ஓம், திரும்பவும் அழித்தேன். கத்து.

இப்படிக் கடிதத்தில் முகமும் காலும் திருப்பிக்கொண்டு இருந்தால் அடுத்த வருடம்தான் முடியும். நாளைக்குப் பின்னேரம் வா. நானும் நிற்பேன். கதைக்கத் தேவையில்லை.

ஜெயனி

புத்தூர்,
10.03.2025

ஜெயனி,

எனக்கு அழுகையும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. நீ பரீட்சை முடிந்ததும் ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாய். நீ வரச்சொன்ன அன்றைக்குப் பின்னேரம் முழுக்க ஒரே வாங்கின் கீழே பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தோம். நீ என்னோடு கதைத்தது, “பிறஷைத் தா” மட்டும். அதையும் நான் வீட்டுக்கு வந்து பத்திரமாக நினைத்துப் பார்த்தேன்.

முகத்தை நான்தான் திருப்பினேன். அதையாவது கவனித்தாயா?

பரீட்சகர்கள் வந்த நேரத்தில்தான் இந்த ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் யாழ்ப்பாணம் போகவேணுமா? வாங்கு நிறையச் சனம். ஒரு முகம் தெரியவில்லை, ஒரு கால் தெரியவில்லை. “கொஞ்சம் எழும்புங்கோ, படத்தைப் பாக்கவேணும்” என்று நான் கெஞ்சினேன். “வெய்யிலுக்கை நிக்கச் சொல்லுறியே பிள்ளை? பஸ் வந்தாத்தான் எழும்புவம்.” பஸ் வரவில்லை. எங்கள் பஸ் எப்போது நேரத்துக்கு வந்தது? பரீட்சகர்களில் அந்தப் பெரிய சேர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, “இதில் ஓவியம் எது, பயணிகள் எது?” என்று கேட்டார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். பாராட்டு இல்லையாம். படைப்பு சூழலிலிருந்து தனித்துத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாராம். சுவர்ணா எட்டிப் பார்த்தவள். பரீட்சைப் புள்ளி பெரிதாக ஒன்றும் வராது.

அது போகட்டும். மனதைச் சுடுவது அது இல்லை. உன் அப்பா இன்னும் கரையில்தான். சிமியோன் மாமாவும் அங்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கால் வைத்தோம், செருப்பைக் கழற்றினோம், நகத்தைக்கூட எடுத்தோம். அந்த மனுசனுக்கு இன்னும் என்ன வேணும்? சுவரைச் சும்மா விட்டிருந்தால் உன் அப்பா இந்நேரம் கடலில் நின்றிருப்பார். பயன், பயன் என்று சொல்லி ஒரு மனுசனுடைய தொழிலைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீ சொன்னால் நானே வந்து முழுச் சுவரையும் வெள்ளையடிக்கிறேன். இந்த முறை காதையும் மிச்சம் விடமாட்டேன்.

நிவேதனா

கொழும்புத்துறை,
12.03.2025

அன்புள்ள நிவேதனா,

வெட்டவில்லை, பார்.

வாளியைத் தூக்காதே. இன்று விடியப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். நான் காணவில்லை, கண்டது சிமியோன் மாமா. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

இன்னும் இருட்டு விலகவில்லை. மாமா தனியாக வள்ளம் பார்க்கக் கரைக்குப் போய்க்கொண்டு இருந்திருக்கிறார். யாழ்ப்பாணம் போகிற முதல் பஸ் வந்திருக்கிறது. தரிப்பிடத்தில் ஒரு குஞ்சும் இல்லை. லைட் வெளிச்சம் சுவரில் அடித்ததும் பஸ் கிரீச்சென்று நின்றதாம். றைவர் பாம் பாம் என்று கோன் அடித்தானாம். ஒருத்தரும் எழும்பவில்லை. திரும்பவும் கோன். கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, “ஏறுறதெண்டா ஏறுங்கோவன்! ஐஞ்சு பேரும் பாத்துக்கொண்டு இருக்கிறியள், எங்களுக்கென்ன வேலையில்லையே?” என்று பேசியிருக்கிறான். பிறகும் ஒருத்தரும் அசையவில்லை என்றதும் றைவர் ஆத்திரத்தோடு இறங்கி வந்து, நேரே அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, “அண்ணை, உங்களைத்தான்!” என்றானாம்.

சிமியோன் மாமா றோட்டிலேயே குந்திவிட்டாராம், சிரிப்பில்.

சிரித்து முடிய எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா முற்றத்தில் வேண்டாவெறுப்பாக வலைக்குப் பொத்தல் பார்த்துக்கொண்டு இருந்தவர். மாமா படலையில் நின்றபடியே சொன்னார்: “யாகப்பு, உனக்குப் பஸ் நிண்டிட்டுதடா! உயிரோடை நிண்டு கை காட்டுற எங்களுக்கே நிப்பாட்டாமப் போறவங்கள், செத்தவனுக்கு நிப்பாட்டுவாங்களே? எழும்பு. வலையை எடு.”

அப்பா உடனே எழும்பவில்லை. அவருக்கும் ரோசம் இருக்கிறது. “எந்தப் பக்கத்து பஸ்?” என்று கேட்டார். “ரவுன் பஸ்” என்றார் மாமா. “நான் கடற்பக்கம் போறவன் எண்டு சொல்லியிருக்கலாமே” என்றார் அப்பா. பிறகுதான் இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா அடுப்படிக்குள் நின்று சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா.

பின்னேரம் அப்பா தனியாகத் தரிப்பிடத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து என்னோடு கதைத்தார், இத்தனை நாளுக்குப் பிறகு. “முகம் ஆர் கீறினது?” “நிவேதனா.” “கால்?” “நான்.” குனிந்து தன் காலைப் பார்த்தார். “ரெண்டும் ஒரு ஆளின்ரை மாதிரித்தான் இருக்கு.”

அந்தப் பெரிய சேருக்கு எது ஓவியம், எது பயணி என்று தெரியவில்லையாம். பஸ்காரனுக்கும் தெரியவில்லை. புள்ளி எப்படியும் போகட்டும். உன் மன்னிப்பையும் இன்று திறந்து பார்த்தேன், நல்லாய்த்தான் இருக்கிறது.

புளொக்கை எடுத்துவிட்டேன். சுவர்ணாவுக்கும் இதோடு விடுதலை என்று சொல். ஆனால் இப்போது போன் எடுக்காதே, நாளைக்கு எடு. எங்கள் வீட்டில் போன் அடித்தால் எல்லாருக்கும் கேட்கும். அப்பா நேரத்தோடு படுத்துவிட்டார். விடிய அவர் கடலுக்குப் போகவேணும்.

ஜெயனி